ஏரிப் பாதையில் நின்ற ஜீப்

காலை ஒன்பது மணி. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்தாறு. ஊருக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி, ஏரிப் பாதையில் நின்ற ஜீப்புக்குள் எர்ச்சிம் விறைத்துக் கிடந்தான். ஃபேன் பெல்ட் அறுந்து எஞ்சின் நின்றிருந்தது. இந்தக் குளிரில் நின்ற எஞ்சின் மறுபடி எழும்புமா? அவன் எரித்த ஸ்டெப்னி டயரின் சாம்பலை இன்ஸ்பெக்டர் மத்ரியோனா கிளறினாள். அடியில் இன்னும் கதகதப்பு இருந்தது. பாவி, விடியும்வரை உயிரோடு காத்திருந்திருக்கிறான்.

வழியில் நிற்கும் வண்டியைக் கைவிடுகிறவனை, உறைபனிப் பிரதேசமான யகூத்தியாவில் யாரும் மனுஷனாக மதிப்பதில்லை. பின் ஏன் யாரும் போகவில்லை?

“நேத்து யார்கிட்டப் போய்க் கேட்டே?” என்றாள் எர்ச்சிமின் மனைவி சர்தானாவிடம்.

“புரோகோப்பி அண்ணன்கிட்ட. இவர் திரும்பி வரலேன்னதும், ராத்திரி எட்டு மணிக்கு. கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன்.”

பத்தரை மணி. புரோகோப்பியின் வாசல். வண்டி விஷயத்தில் ஊரிலேயே கில்லாடி அவன்தான்.

“ஏன் போகலே?”

“எப்படிப் போறது? சாயங்காலம், உறையாம இருக்கட்டும்னு எஞ்சின் எண்ணெயை வடிச்சு உள்ளே கொண்டுபோகலாம்னு வந்தேன். எல்லாரும் செய்யறதுதானே? அதுக்குள்ள எஞ்சினுக்குள்ளேயே உறைஞ்சு தார்க்கட்டி ஆயிடுச்சு. அப்படி ஒரு குளிர்! இப்பவும் அப்படியேதான் கெடக்கு, நான் தொடவே இல்லே.”

மத்ரியோனா பானெட்டைத் தூக்கினாள். எண்ணெய் அளக்கும் கம்பியை இரண்டு விரலால் இழுத்தாள். லேசாக வந்தது, நுனி வெறுமையாக. திரும்பச் செருகிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தாள். கூட வந்திருந்த சர்தானாவும் பின்னாலேயே போனாள்.

அடுப்புக்குப் பின்னால் கம்பளியால் மூடிய வாளி இருந்தது. மத்ரியோனா கம்பளியை விலக்கினாள். கறுப்பு எண்ணெய், வெதுவெதுப்பாக.

“தார்க்கட்டின்னா ரெண்டு பேர் இழுத்தாலும் அந்தக் கம்பி அசையாது, புரோகோப்பி. எஞ்சின்ல எண்ணெயே இல்லே. நேத்தே வடிச்சு இங்கே வெச்சுட்டே. ஊத்திட்டுக் கெளம்ப எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?”

புரோகோப்பி கம்பளியை எடுத்து வாளியை மறுபடி மூடினான்.

“பயமா இருந்துச்சு. என் வண்டியும் நின்னுட்டா ரெண்டு பொணம். வரமாட்டேன்னு இந்த ஊர்ல வாய்விட்டுச் சொல்ல முடியுமா?”

இதற்கு என்ன வழக்குப் போடுவது என்று மத்ரியோனாவுக்குத் தெரியவில்லை. எந்த வழக்குப் போட்டுத்தான் என்ன ஆகப்போகிறது?

சர்தானா அழவில்லை.

“வரமாட்டேன்னே சொல்லியிருக்கலாமே, அண்ணே. காறித் துப்பிட்டு அடுத்த வீட்டைத் தட்டியிருப்பேன். நேத்து நீ சொன்னதை நம்பி, உன் வண்டி எண்ணெயே உறைஞ்சு போச்சுன்னா ஊர்ல வேற யார் வண்டி கெளம்பப்போகுதுன்னு, பேசாம வீட்டுக்குப் போய் உக்காந்துட்டேன்.”