தண்ணீருக்குள் ஒரு காறையெலும்பு

தண்ணீருக்குள் எலும்பு எப்படி வரும் என்று லிஷாவுக்குப் புரியவில்லை.

குன்னத்துகால் சந்தைக்குப் பின்னால், ரப்பர் தோட்டத்தை ஒட்டி நிற்கும் பழைய மிஷன் டிஸ்பென்சரிக் கட்டடத்தில்தான் அந்த ஸ்கேன் சென்டர். காலை ஏழரைக்குக் கதவைத் திறந்து, ஏசியைப் போட்டு, சி.டி. இயந்திரத்தின் படுக்கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளையை வைத்து ஒரு படம் எடுப்பது அவளுடைய முதல் வேலை. தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரேபோல இருப்பதால் படமும் வெறும் சாம்பல் வட்டமாக வரவேண்டும். வட்டத்தில் கறையோ வளையமோ தெரிந்தால் இயந்திரத்தில் கோளாறு என்று அர்த்தம். இரண்டு வருடமாக ஒரு கறையும் வந்ததில்லை.

அன்று வட்டத்துக்குள், கழுத்தடியில் இருக்கவேண்டிய ஒரு காறையெலும்பு கிடந்தது. உடைந்து கூடிய எலும்பு. அதன்மேல் ஓர் உலோகத் தகடு, தகட்டில் ஆறு திருகு.

உருளையை இறக்கி ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள். தண்ணீர்தான். திரும்ப வைத்து எடுத்தாள். திரும்பவும் ஆறு திருகு.

இன்னொன்றும் இருந்தது. எந்தப் படத்துக்கும் முன்னால் இயந்திரம் பதிவுசெய்த பெண்குரலில் மூச்சைப் பிடிக்கச் சொல்லும். உருளைக்கும் சொல்லும். உள்ளறையில் ஆளில்லாததால் அதை யாரும் கவனிப்பதில்லை. அன்று அந்தக் குரல் அடங்கியதும், உள்ளறை மைக் வழியாக அவளுடைய மேசை ஸ்பீக்கரில் ஒரு சத்தம் கேட்டது.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

விட்ட சத்தம் கேட்கவில்லை.

இயந்திரம் தந்த கம்பெனியின் என்ஜினியர் அகிலேஷைத் திருவனந்தபுரத்தில் போனில் பிடித்தாள். மூச்சைப் பற்றிச் சொல்லாமல் எலும்பை மட்டும் சொன்னாள். அவன் பொறுமையாக விளக்கினான். எக்ஸ்ரே குழல் உடம்பைச் சுற்றி வரும். ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் தடைபட்டது என்று அளந்து, அந்த அளவுகளிலிருந்து கணினி குறுக்குவெட்டுப் படத்தைக் கட்டும். கதிரைக் குறைத்தால் உடம்புக்கு நல்லது. ஆனால் படத்தில் மணலை வாரி இறைத்ததுபோலப் புள்ளிகள் விழும். அவர்களுடைய மென்பொருள் கால்வாசிக் கதிரில் எடுத்த படத்தை வாங்கி, சுத்தமான நெஞ்சு எப்படியிருக்கும் என்று தான் படித்து வைத்ததை ஒப்பிட்டு, மணலைத் துடைத்துத் தரும். அப்படிப் படித்த எலும்பு ஒன்றைத் தண்ணீரில் வரைந்திருக்கும், அந்தப் படத்தை அழித்துவிட்டு இயந்திரத்தை மறுபடி துவக்குங்கள் என்றான்.

படிப்பதற்குப் படம் வேண்டும். அதற்காகத்தான் கம்பெனி இயந்திரத்தைச் சும்மா கொடுத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிகள் நோயாளிகளின் படங்களை வெளியே விடுவதில்லை. இயந்திரம் வாங்க வழியில்லாத சின்ன சென்டர்கள் விட்டுக்கொடுக்கும். பாறசாலை முதல் கள்ளிக்காடு வரைக்குமுள்ள நெஞ்சுகளில் பழகிய மென்பொருளை நகரங்களில் விற்கலாம். ஒளிவுமறைவு இல்லை, ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஆனாலும் லிஷா கேட்டாள், அது யாருடைய எலும்பு என்று.

"பேரை அழிச்சு மாய்ச்சிட்டாக்கும் படம் எங்களுக்கு வரும், சேச்சி. எங்களுக்கு ஆளைத் தெரியாது."

சட்டென்று வைத்துவிட்டான். எதையோ மறைக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆளை அவளுக்குத் தெரியும்.

சுயம்பு. பைக்கிலிருந்து விழுந்து தோளில் தகடு வைத்தவர். இந்தக் கட்டடத்துக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன். திறப்பு நாளில் பாஸ்டர் ஜெபம் முடித்ததும், முதல் ஆளாகப் படுக்க ஒருவரும் வரவில்லை. காதில் செருகிய பீடியை எடுத்துப் பையில் வைத்துவிட்டு அவர்தான் முன்னால் வந்தார். "எனக்க நெஞ்சை முதற்பலனாட்டு எடுத்துக்கிடுங்க. பாஸ்டர் ஏலத்துல விட்டாலும் ஒருத்தனும் கேக்கமாட்டான்." முதல் விளைச்சலைக் காணிக்கையாக வாங்கி ஏலம் விடும் சபையே சிரித்தது. கம்பெனிக்காரர்களுக்கு மாதிரிக்கு ஒரு நல்ல நெஞ்சு தேவைப்பட்டது. இரண்டு நாளில் இருபது தடவை அவரைப் படுக்க வைத்தார்கள். இருமல்கூட இல்லாத மனுஷன் என்பதால், டாக்டர் யாரும் பார்க்காமலேயே 'நோயில்லாதவர்' என்று குறித்துக்கொண்டார்கள்.

பதினோரு மாதத்தில் நுரையீரல் புற்றுநோயில் சுயம்பு செத்துப்போனார்.

பத்து மணிக்கு லிஷாவின் தம்பி ரெஜி வந்தான். சனிக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம். மூன்று வாரமாக விடாத இருமல். ஒன்றுமில்லை என்று ஒரு காகிதம் கிடைத்தால் அவன் போய்விடுவான். போனால் இரண்டு வருடம் திரும்பமாட்டான்.

"நல்லா எடு அக்கா. கல்யாண புரோக்கருக்கும் ஒரு காப்பி குடுக்கலாம்."

"எலே, மிண்டாம கெட."

படம் வந்தது. கழுவி வைத்த கண்ணாடிபோலச் சுத்தமான நுரையீரல். வலது பக்கம், அடியில், நுரையீரலுக்கு உள்ளேயே அந்தக் காறையெலும்பு சரிந்து கிடந்தது. அதன் நுனி ஒரு வெற்றிடத்தில் முட்டி நின்றது.

யாரோ விரல் வைத்துக் காட்டுவதுபோல.

லிஷா மைக்கை அழுத்தினாள். "மக்கா, ஒனக்கு எப்பமாவது எலும்பு ஒடிஞ்சிருக்கா?"

"ஒடிஞ்சிருந்தா அடிச்சது நீயாட்டுத்தான் இருக்கும்."

அழித்துவிடலாம். அகிலேஷ் சொன்னபடி மறுபடி துவக்கினால் எலும்பு போய்விடும், ரெஜி மஸ்கட் போய்விடுவான். அவளுடைய விரல் பொத்தானில் இருந்தது.

அப்போது பீடி நாற்றம் வந்தது. பூட்டிய ஏசி அறைக்குள், கருகிய வயரும் பீடியும் கலந்த நாற்றம்.

விரலை எடுத்துக்கொண்டு யோசித்தாள். மென்பொருளுக்குச் சுத்தமான நெஞ்சு என்றால் சுயம்புவின் நெஞ்சு. அதில் அன்றைக்கே ஒரு விதை விழுந்திருக்க வேண்டும். இருபது படத்திலும் அது இருந்திருக்கும், பார்க்கத்தான் ஆளில்லை. அப்படி ஒரு புள்ளி கண்டால் அதுவும் மணல்தான், துடைத்துவிடலாம் என்று இயந்திரம் அவரிடமிருந்து கற்றுக்கொண்டது.

மென்பொருளை அணைத்தாள். முழுக் கதிரில், ரெஜியை இன்னொரு தடவை எடுத்தாள்.

எலும்பு இல்லை.

அதன் நுனி முட்டிய இடத்தில், உளுந்து அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

ரெஜி சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"சனிக்கிழமை நீ போகண்டாம், மக்கா. சின்னதாக்கும். முதல்ல டாக்டர் பாக்கட்டு."

அவன் வெளியே போனதும் உள்ளறை காலியாக இருந்தது. ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. காலையில் உள்ளே இழுத்த மூச்சை இன்னும் யாரும் விடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மைக்கை அழுத்தினாள்.

"சுயம்பு அண்ணே, பாத்தாச்சு. மூச்சு விடுங்க."

நீளமாக, இரைந்துகொண்டு, ஒரு மூச்சு வெளியே வந்தது.

ரெஜிக்கு அறுவை நடந்தது. ஆரம்பத்திலேயே பிடிபட்டது நல்லது என்றார்கள். கம்பெனி பழைய மென்பொருளை முழுக்க எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றியது. சுயம்புவின் ஒரு படம்கூட இப்போது அதில் இல்லை என்று அகிலேஷ் நேரில் வந்து சத்தியம் செய்தான். பத்தொன்பது நாள் காலையில் சாம்பல் வட்டம்தான் வந்தது.

இருபதாம் நாள், கள்ளிக்காட்டிலிருந்து வந்த ஒரு பெண் வெளியே பெஞ்சில் இருமிக்கொண்டிருந்தபோது, தண்ணீருக்குள் ஆறு திருகு தெரிந்தது.

செய்தி கேட்டு வந்த அகிலேஷ் இரண்டு தடவை எல்லாவற்றையும் சரிபார்த்தான். ஸ்பீக்கரில் மூச்சை இழுக்கும் சத்தம் அவனுக்கும் கேட்டது; உள்ளறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று மெதுவாகக் கேட்டான். பிறகு கொடுத்த சாயாவைக் குடிக்காமலேயே போய்விட்டான்.

அந்தப் பெண்ணை லிஷா முழுக் கதிரில் எடுத்தாள். புள்ளி இருந்தது. சாயங்காலம், அடுத்த ஷிப்டுக்கு வரும் தன்யாவுக்காக ஒரு காகிதத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினாள்:

உருளையில் எலும்பு தெரிந்தால், அன்றைய நெஞ்சுப் படங்களை எல்லாம் மென்பொருளை அணைத்துவிட்டு முழுக் கதிரில் எடுக்கவும். முடிந்ததும், உள்ளறையில் ஆள் இல்லாவிட்டாலும், மைக்கில் மூச்சை விடச் சொல்லவும்.