துடுப்பில் கேட்ட தட்டல்

2012 பங்குனியில், கையில் எதிரொலிக் கருவியும் மண்டை நிறையப் பெரிய மீன்வள ஆய்வாளன் என்ற நினைப்புமாக, மீனவ ஊரான பேசாலையில் போய் இறங்கினேன். இந்தியாவிலிருந்து திரும்பி வந்து குடியேறியிருந்த கிறகரியண்ணை தன் படகில் என்னை ஏற்றிக்கொண்டார்.

"அஞ்சு கட்டை தள்ளி ஒரு இடத்தில மீன் சினையோட கூடுது சேர். அங்க இழுவைமடி விடக்கூடாதெண்டு எழுதித் தாங்கோ."

இதற்காகவே ஆறு மாதமாக அதிகாரிகளைத் தேடிக் கந்தோர் கந்தோராக அலைந்த மனிதர். மீன் இருக்கிறதென்று நான் எழுதினால் அந்த இடத்தை மூடுவார்கள். இல்லையென்றால் இழுவைப்படகுகள் மடிவலையை இறக்கி அடிமண்வரை வாரிக்கொண்டு போகும்.

காலை பத்து மணி, நல்ல வெயில். கடல் அசையவே இல்லை. ஊறிப்போன மரத்தின் வாடை மட்டும் எங்கிருந்தோ வந்தது.

கருவி கீழே ஒலியை அனுப்பும். மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்புவது திரையில் தெரியும். ஏழு தரம் மேலும் கீழுமாக ஓடினோம். ஒரு மீன்கூட இல்லை. பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில், தோணியளவு ஒரு மேடு மட்டும் தெரிந்தது.

"என்னண்ணை, பொய் சொல்லி என்னைப் பேய்க்காட்டுறீங்களோ?"

அவர் எஞ்சினை நிறுத்தினார். துடுப்பைத் தண்ணீரில் இறக்கிப் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். சினை மீனின் சத்தத்தை அவர் அப்படித்தான் கேட்பார். பிறகு என்னிடம் நீட்டினார்.

காதை வைத்தேன்.

டொக். டொக். டொக்.

பலகையில் யாரோ விரலை மடக்கித் தட்டினார்கள்.

"என்ர தங்கச்சி அஞ்சலா" என்றார் மெதுவாக. "தொண்ணூறில சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு ஓடேக்க தோணி கவிண்டது. நான் கவிண்ட தோணிக்கு மேல, அவள் உள்ளுக்க. மூண்டு தரம் தட்டினாள். நானும் தட்டினன், பொறு வாறன் எண்டு. என்னால ஏலாமப் போச்சு சேர். அவளை மடியில இழுக்க விடாதேங்கோ. மீன் இருக்கெண்டு எழுதுங்கோ."

துடுப்பிலிருந்து காதை வெடுக்கென்று எடுத்தேன். ஆனாலும் இந்த வீம்பு இருக்கிறதே!

"இல்லாத மீனை எப்பிடியண்ணை எழுதுறது?"

அவர் எஞ்சினைப் போட்டுப் படகைக் கரைக்குத் திருப்பினார்.

மீன் இல்லை என்றே எழுதினேன்.

அடுத்த மாதம் அந்த இடத்தில் விட்ட ஓர் இழுவைமடியில் பழைய தோணிப் பலகைகள் ஏறினவாம். அன்று பின்னேரம் கிறகரியண்ணை போன் எடுத்தார்.

"துடுப்பு வச்சுப் பாத்தனான் சேர். அவள் இப்ப அங்க இல்லை. உங்களிட்ட வந்தவளோ?"

"விசர்க்கதை கதையாதேங்கோ!" என்று போனை வைத்துவிட்டேன்.

என் வீடு முருங்கனில், வயல்களுக்கு நடுவே. கடல் எத்தனையோ கட்டை தூரம். ஆனாலும் மூன்று நாளாக என் அறையின் சீமெந்து நிலம் உப்புப் பூத்துக் கசிகிறது. துடைத்தால் திரும்பவும் ஊறுகிறது. ஊறிப்போன மர வாடை.

இதை எழுதும்போதும் நான் இருக்கும் கதிரைக்குக் கீழே தட்டல் கேட்கிறது. மூன்று தரம். பிறகு காத்திருக்கிறாள்.

கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு இருக்கிறேன். திருப்பித் தட்டினால், வாறன் என்று அர்த்தம்.