சேலை மூட்டைகள்

மிருதங்கம் வீட்டிலேயே இல்லாத நாளில் சத்தம் என்று முறைப்பாடு வந்தபோது நிருஷனுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வலப்பக்கத் தோலான வலந்தலை கிழிந்து, வாத்தியம் மூன்று நாளாக யாழ்ப்பாணத்தில் திருத்தக் கொடுத்துக் கிடந்தது. மேல்மாடி ஐயாத்துரையோ படியடியில் அவனை மறித்து நின்றார்.

"தம்பி, நேற்றுப் பின்னேரம் முழுக்க ஒரே சத்தம். வயசுபோன மனிசர் கண்ணயர வேண்டாமோ?"

"நேற்று நான் வீட்டில இல்லை, ஐயா. மிருதங்கமும் இல்லை."

"அப்ப நான் கேட்டது என்ன?"

அவன் அவரை விலத்திக்கொண்டு உள்ளே போனான்.

வவுனியா நகருக்குள் இருந்த அந்த மாடிக் கட்டடத்தின் கீழ்வீடு, இரண்டு வருடத்தில் அவனும் மனைவி கஜனியும் குடிபுகுந்த நான்காவது வாடகை வீடு. மிருதங்கம் என்றதும் வீட்டுக்காரர்களின் முகம் சுருங்குவதைப் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சலித்துவிட்டது. இந்த வீட்டுக்காரரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறைப்பாடு வந்தால் மாத முடிவில் வெளியேற வேண்டும். கஜனிக்கு ஏழு மாதம். வாசிக்காமல் விட்டால் கை போய்விடும், வாசித்தால் வீடு போய்விடும். இப்போது வாசிக்காததற்கும் பழி.

பின்னறையை அடைக்க அவன் படாத பாடு பட்டிருந்தான். இணையத்தில் யாரோ சொன்னதை நம்பி முட்டை மட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டினான். சத்தம் குறையவில்லை, கரப்பான்தான் கூடியது. பிறகுதான் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். பதின்மூன்று வயதில், கடைசி யுத்தத்தின்போது, முல்லைத்தீவுக் கரையில் சேலைகளைக் கிழித்துத் தைத்த மணல் மூட்டைகளுக்கு நடுவே, பதுங்குகுழியான பங்கருக்குள் கிடந்தவன் அவன். வெளியே எல்லாம் இடிந்துகொண்டிருந்தபோதும் உள்ளே அம்மாவின் மூச்சு அவனுக்குக் கேட்டது. அந்த மூட்டைகளைவிட நன்றாகச் சத்தத்தை மறிக்கும் பொருள் எதையும் அவன் அறியான். கஜனி தெரிந்தவர்களிடம் பழைய சேலைகள் வாங்கி மெசினில் தைத்துக் கொடுத்தாள். ஆற்று மணலுக்குப் பொலிஸ் ஆயிரம் கேள்வி கேட்கும் என்று லொறிக்காரன் சதீஸ் முல்லைத்தீவுக் கரைப் பக்கமிருந்து ஒரு லோட் மணல் கொண்டுவந்து கொட்டினான். கரையில் எந்த இடத்தில் அள்ளினாய் என்று நிருஷன் கேட்கவில்லை. வேறு யாராவது கேட்காமல் விட்டிருந்தால் மன்னிக்கலாம். அந்தக் கரையில் எத்தனை பங்கர்கள் ஆட்களோடு மூடுண்டு போயின என்று அறிந்த அவன் கேட்டிருக்க வேண்டும்.

மூட்டைகள் நாலு சுவரையும் மூடி, கதவுக்கு மேலே வைத்த பலகையிலும் அடுக்கப்பட்டு, கூரை வரை ஏறின. கதவு விளிம்பெல்லாம் றப்பர் ஒட்டினான். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் ஐயாத்துரையின் அந்த முறைப்பாடு.

கோபத்தில் இன்னொரு வரிசை அடுக்கினான். மிருதங்கம் திரும்பி வந்தது. அறை பாதியாகச் சுருங்கி, உப்பும் பழைய துணியும், மழை பெய்யாமலே ஊறிய ஈரமும் சேர்ந்த ஒரு மணம் அடித்தது. ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கும்போது சில மூட்டைகள் நடுவில் குழிந்திருந்தன, யாரோ முதுகு சாய்த்து நெடுநேரம் இருந்து எழும்பியதுபோல. மணல் இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு, தட்டித் தட்டிச் சமப்படுத்தினான். அடுத்த நாளும் குழிகள் இருந்தன. கூடுதலாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஐயாத்துரை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். இந்த முறை அவர் குரலில் சண்டை இல்லை.

"தம்பி, குறை நினைக்காதையுங்கோ. இப்ப கேக்கிறது மிருதங்கம் இல்லை. கனபேர் நெருக்கமா இருந்து குசுகுசுக்கிறமாதிரி. அதுக்குள்ள ஒரு பிள்ளை தண்ணி கேக்குது."

கஜனி வயிற்றில் கை வைத்தாள். "இஞ்சேருங்கோ, எனக்கும் ஒருக்கா கேட்டது. சொன்னாக் கத்துவியள் எண்டு சொல்லேல்லை."

அவனுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. இவளுமா?

"சரி, இண்டைக்கே பாப்பம். நான் உள்ளுக்க போய் ஏலுமான அளவு சத்தம் போடுறன். நீங்கள் ரெண்டுபேரும் கதவடியில நில்லுங்கோ. அஞ்சு நிமிசம். சத்தம் கேட்டாக் கதவைத் திறவுங்கோ, நானே இந்த வீட்டை விட்டிட்டுப் போறன். ஒண்டும் கேக்காட்டி லைற்றை நிப்பாட்டுங்கோ, நான் வெளியால வாறன்."

விளக்கின் சுவிச் கதவுக்கு வெளியே இருந்தது. அவன் கதவை இழுத்து அடைத்தான்.

தரையில் கிடந்த பலகையில் அமர்ந்து, கை சிவக்கச் சிவக்க வாசித்தான். ஒவ்வொரு அடியும் மூட்டைகளுக்குள் போய்த் திரும்பி வராமல் அங்கேயே நின்றது. நிறுத்தினான். தன் காதுக்குள் இரத்தம் ஓடுவது மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு மூச்சு, பிறகு இன்னொன்று, பிறகு முழங்காலோடு முழங்கால் இடிக்க இருக்கிறவர்களின் அடக்கிய மூச்சுகள் நாலு பக்கமும். யாரோ இருமலை விழுங்கினார்கள். ஒரு பெண் "உஷ்" என்றாள்.

"தண்ணி."

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதாச் சேலை மூட்டை குழிந்தது. ஒரு தோளின் அளவு. பக்கத்துச் சிவப்பு மூட்டை. ஒரு தலை. பிறகு வரிசையாக, எல்லாம்.

கதவுக்குப் பாய்ந்தான். கைபிடியைத் தொடுமுன் மேலிருந்த மூட்டைகள் சரிந்தன. ஒன்று. இரண்டு. பிறகு மொத்த அடுக்கும். உள்ளே இழுத்துத் திறக்கும் கதவு. அசையவில்லை.

"கஜனி!"

மிருதங்கத்தைத் தூக்கிக் கதவில் அடித்தான். கட்டை பிளந்தது. திரும்ப அடித்தான். "ஐயா! திறவுங்கோ! கேக்குதோ?" தொண்டை கிழிந்தது. வீடு போகட்டும். மாத முடிவில் இல்லை, இப்போதே போகட்டும். யாருக்காவது கேட்கட்டும்.

கத்தினான். கத்தினான்.

விளக்கு அணைந்தது.

இருட்டுக்குள் எல்லாரும் சற்று நெருங்கி இருந்து அவனுக்கு இடம் விட்டார்கள். மணல் ஒட்டிய ஒரு சின்னக் கை அவன் விரல்களைப் பிடித்து, இரு என்று கீழே இழுத்தது.