பெட்ரோல் குடிக்கிறவன்

ஒரு டீ குடிக்கிற நேரம்தான் வண்டியை அணைத்திருந்தார். அதற்குள் குழாயில் நின்ற பெட்ரோல் பிரஷர் முழுக்க இறங்கியிருந்தது. ஜவுளிக்கடை பீமாராவ் சாவியைத் திருகத் திருக, பழைய வெளிநாட்டுக் கார் இழுத்து இழுத்து இருமியதே தவிர, பிடிக்கவில்லை.

"என்னண்ணே, மாப்பிள்ளை முறுக்கா?" என்று டீக்கடையைச் சாத்திக்கொண்டே சிரித்தாள் முனீஸ்வரி. "இம்புட்டுச் செல்லம் குடுத்தா இப்படித்தான்."

"இன்னிக்கோட தலை முழுகுறேன்மா. திருமங்கலத்துல வாங்குற ஆளு காத்திருக்கான்."

எப்படியாவது இதைக் கைமாற்றிவிட வேண்டும். பம்பு புதுசு, வால்வு புதுசு, குழாயில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. ஆனாலும் அணைத்தால் பிரஷர் நிற்பதில்லை, மெக்கானிக் சுருளி செத்ததிலிருந்து.

பெட்ரோல் குழாயைக் கழற்றினால், கார்ச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் சுருளி அடியில் படுப்பான். யாரும் பம்பை ஓட விட்டுவிடக் கூடாதே. அன்று பீமாராவிடம் மாற்றுச் சாவி இருந்தது, பொறுமைதான் இல்லை. பம்பு சத்தம் வருகிறதா என்று திருகிப் பார்த்தார். பீய்ச்சிய பெட்ரோல் சுருளியின் சூடான கைவிளக்கின் மேல் அடித்துத் தீப்பிடித்தது. போலீசில் வேறு கதை சொன்னார். அவருக்காக இரங்கிவிடாதீர்கள், கண்ணுகளா.

முனீஸ்வரி போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கப்பலூர் கம்பெனிகளின் தகரக் கூரைகள் வெயிலில் முறுகிச் சடசடக்க, தார் இளகிய வாடைக்குள்ளே இன்னொரு வாடை மெல்லக் கலந்து, அவர் தொண்டையில் வந்து கசந்தது.

மறுபடி சாவியைப் போட்டார். பின்னால் பம்பு முனகியது. நின்றது.

அடியில், மடக். மடக்.

யாரோ குடிக்கிறார்கள்.

இறங்கிக் குனிந்து பார்த்தார். காய்ந்த தரை. ஆள் இல்லை. ஏறி உட்கார்ந்து மறுபடி திருகினார்.

மடக். இப்போது சீட்டுக்கடியில்.

சட்டை ஈரம். வேட்டி ஈரம். பெட்ரோல். சாவியை உருவினார். பம்பு நிற்கவில்லை. கதவு திறக்கவில்லை.

"அண்ணே." காதுக்குப் பின்னால். "நான் பீடி பத்த வச்சதுல தீப்பிடிச்சிருச்சுன்னு சொன்னீங்களாம்ல?"

பீமாராவ் தோளால் கதவை இடித்தார்.

"எனக்குப் பீடிப் பழக்கமே இல்லையேண்ணே."

கண்ணாடியில் பார்த்தார். கருகிய முகம். வாயோரம் வழிகிற பெட்ரோல். வெந்த உதட்டில் புதுசாக ஒரு பீடி.

தோள்மேல் ஒரு கை நீண்டு, அவர் மடியில் தீப்பெட்டியைப் போட்டு, விரலிடுக்கில் தீக்குச்சியைச் செருகியது.

"நீங்களே பத்த வைங்கண்ணே."

அவர் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. குச்சியை உரசியது.