மஞ்சள் சிவந்த கேன்

காலைச் சமையல் நேரத்தில் அந்த அலறல் கேட்டது. நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் குடியேறிய தெரு. பக்கத்து வீட்டுக் கருப்பசாமி ஓடிப்போய்ப் பார்த்தபோது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு முன்னால் விஜயராஜ் முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டுகொண்டிருந்தான். கான்ட்ராக்ட் வேலைக்காரன், கல்யாணமாகி ஐந்து வருடம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது இரண்டு கண்ணும் திறக்கவில்லை.

"பேட்டரி ஆசிட் தெறிச்சிடுச்சு" என்றார்கள் எல்லோரும்.

இன்ஸ்பெக்டர் திலகவதி வந்து பார்த்தார். பேட்டரி வெடிக்கவில்லை. ஒரு மூடி மட்டும் திறந்திருந்தது. துளையைச் சுற்றிப் பொங்கி வழிந்த தடம். பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் கேன் கவிழ்ந்து கிடந்தது. ஆயுத பூசைக்குத் தடவிய மஞ்சள் அதில் இன்னும் ஒட்டியிருந்தது. மஞ்சளின் நடுவே, கேன் வாயிலிருந்து கீழ்நோக்கிச் சிவப்புக் கோடுகள்.

"குங்குமம் வச்சது யாரு?"

விஜயராஜின் அம்மா வள்ளியம்மாள் மூக்கைச் சிந்தினாள். "குங்குமம் தீந்துபோச்சுங்க. மஞ்சள மட்டுந்தான் தடவுனேன்."

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறது எப்பவும் யாரு?"

"சின்னவன் அறிவுதாங்க. வேற யாரும் தொட்டா அவனுக்குப் புடிக்காது. இன்னிக்கு அவன் போட்டோ எடுக்கப் பண்ருட்டிக்குப் போயிட்டான். தண்ணி கொறஞ்சி இன்வெர்ட்டர் கத்திகினே இருந்துச்சு. பெரியவன ஊத்துடான்னு நாந்தாங்க சொன்னேன்."

"எதுக்குப் போட்டோ?"

"நெலம் குடுத்ததுக்கு வூட்டுக்கு ஒரு வேல. பர்மனென்ட். அவங்கப்பா சின்னவன் பேரக் குடுத்துட்டாரு. வர்ற வாரம் மெடிக்கல், கண்ணு டெஸ்ட்டு."

அதற்குள் அறிவுச்செல்வன் பண்ருட்டியிலிருந்து ஓடிவந்துவிட்டான்.

"கேன் வாங்குனது?"

"நான்தான் மேடம். போன மாசம் இதே கேன்லேருந்துதான் ஊத்துனேன். ஒண்ணும் ஆகல."

"அண்ணனுக்கும் உனக்கும் தகராறு உண்டா?"

"வேல விஷயத்துல கொஞ்ச நாளா பேச்சில்ல. ஆனா வேல எனக்குத்தான்னு முடிவாயிடுச்சு. அவர் கண்ணக் கெடுத்து எனக்கு என்ன ஆகப்போவுது?"

கருப்பசாமி தன் உள்ளங்கையைக் காட்டினான். சிவந்து தடித்திருந்தது. "தூக்குறப்ப சட்டையெல்லாம் சோப்புத் தண்ணி மாதிரி வழுக்குச்சுங்க. விஜயராஜு பொண்டாட்டி செவ்வந்திதான் மொதல்ல ஓடியாந்துது. ரசத்துக்குக் கரைச்ச புளித்தண்ணியத் தூக்கியாந்து மூஞ்சில ஊத்துச்சு. நான் தள்ளிவுட்டுட்டு ஓஸ் பைப்பப் புடிச்சு அடிச்சேன். அப்புறம் அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு அழுதுது. எங்க வூட்லதான் இட்டாந்து உக்கார வச்சிருக்கோம்."

திலகவதி அடுப்படியிலிருந்து மஞ்சள்தூள் கொண்டுவரச் சொன்னார். ஒரு தாளில் அதைக் குழைத்துத் தடவி, கேனின் அடியில் மிச்சமிருந்த சொட்டை மேலே விட்டார். மஞ்சள் அந்த இடத்திலேயே ரத்தமாகச் சிவந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "டாக்டர், பட்டது ஆசிட் மட்டுமில்ல. காரம். காஸ்டிக் சோடாவா இருக்கும்."

"நல்லவேளை சொன்னீங்க. ஆசிட் மேலோட நிக்கும். இது கண்ணுக்குள்ள இறங்கிக்கிட்டே போகும். கழுவுறத நிறுத்தாம பாத்துக்கறோம்."

சாயங்காலம் வீட்டாரைக் கூடத்தில் உட்காரவைத்தார். செவ்வந்தியையும் அழைத்துவரச் செய்தார்.

"ஆரத்தி கரைக்கறப்ப மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா சிவக்குதில்ல? சுண்ணாம்பு காரம். ஆசிட் பட்டா மஞ்சள் சிவக்காது, வெறும் தண்ணி பட்டாலும் சிவக்காது. கேன்ல இருந்தது காஸ்டிக் கரைசல். காரம்னாதான் தோல்ல அப்படி வழுக்கும். பேட்டரிக்குள்ள இருக்கறது ஆசிட். ரெண்டும் சேர்ந்ததும் சூடேறிக் கொதிச்சு எகிறிடுச்சு. பதறுனதுல கேனும் அவர் மேல கவுந்துடுச்சு."

"என் புள்ளைக்கு யாருங்க இப்படிப் பண்ணுவாங்க?" என்றாள் வள்ளியம்மாள்.

"உங்க பெரிய புள்ளைக்கு வச்சதில்லம்மா. எப்பவும் ஊத்துறவனுக்கு வச்சது. அறிவு கண் டெஸ்ட்டுல தேறலன்னா, வேல அண்ணனுக்கு வரும்."

அறிவுச்செல்வன் எழுந்தேவிட்டான். திலகவதி அவனைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் ஆசிட்னு கத்துனீங்க. ஆசிட் பட்டவன் மூஞ்சில யாராவது புளிய ஊத்துவாங்களா? புளியும் ஆசிட் வகைதான். காரத்த முறிக்கத்தான் புளிப்பத் தேடுவாங்க. கேன்ல இருந்தது காரம்னு அந்த நிமிஷத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும்." குரல் உயரவில்லை. "செவ்வந்தி, நீங்க மகளிர் குழுவுல இருக்கீங்கன்னு தெருவுல சொன்னாங்க. அங்க என்ன செய்யறீங்க?"

செவ்வந்தி தரையைப் பார்த்தபடியே இருந்தாள். "சோப்பு."

"காஸ்டிக் கையில பட்டா என்ன பண்ணச் சொல்லிக் குடுத்தாங்க?"

"மொதல்ல தண்ணி ஊத்தணும். அப்புறம் புளிப்பா எதையாச்சும்..." அவள் நிமிர்ந்தாள். "தண்ணி தோணவேயில்ல மேடம். புளிதான் கையில இருந்துச்சு. அவரு மூத்தவரு. பத்து வருஷமா கான்ட்ராக்ட்லயே கெடக்குறாரு. தம்பிக்குக் கண்ணு கொஞ்சம் மங்குனாப் போதும்னு நெனச்சேன். அவரு இன்னிக்கு அந்தப் பக்கம் போவாருன்னு நான் கண்டனா?"

வள்ளியம்மாள் மருமகளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

மறுநாள் திலகவதி ஆஸ்பத்திரிக்குப் போனார். வலது கண் பிழைக்கும், இடது கண்ணைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். கட்டுப் போட்ட முகத்தோடு விஜயராஜ் படுத்திருந்தான். யார் செய்தது, யாருக்காகச் செய்தது என்று திலகவதி எதையும் மறைக்காமல் சொன்னார்.

அவன் கட்டிலின் விளிம்பைத் தடவிப் பிடித்தான்.

"அத கரைக்கறப்ப," என்றான், "அவ கையில எதுவும் படலையே, மேடம்?"