வட்டக் கொட்டகையின் கொக்கி

போன் அலறியது.

போலீஸ் டெபுடி லோரீன் ப்ரூகர் வாயிலிருந்த பன்னை அவசரமாக விழுங்கிவிட்டு எடுத்தாள்.

"லோரீன்... ஆர்லன் போயிட்டான். கொட்டகைக்குள்ள... பரண்லேர்ந்து விழுந்து கிடக்கான்."

மில்ட்டன் ஹாகன்! பள்ளியில் அவளுக்குச் சரித்திரம் எடுத்தவர். இப்போது அந்தக் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பழைய வீடுகளையும் கொட்டகைகளையும் இடிபடாமல் காக்கும் சங்கத்தின் தலைவர். ஓர் ஓட்டைக் கோழிக்கூடு விழுந்தால்கூட துக்கம் அனுஷ்டிக்கிறவர்.

மக்காச்சோளக் காட்டைப் பிளந்துகொண்டு ஜீப் பறந்தது.

பண்ணைக்காரர் ஆர்லனின் வட்ட மாட்டுக் கொட்டகை. நூறு வயதைத் தாண்டியது. உள்ளே கல்தரையில் ஆர்லன் மல்லாந்து கிடந்தார். சட்டையில் இரண்டு பொத்தான்கள் பிய்ந்திருந்தன. மூன்றாவது, மேலே பரணில் கிடந்தது.

தானாக விழுகிறவரின் சட்டையை யார் பிடித்து உலுக்குவார்கள்?

கொலை...

மில்ட்டன் நடந்ததைச் சொன்னார். வாரம் ஒருநாள் ஆர்லனோடு காபி குடிப்பது வழக்கமாம். போன வாரத்துக்குப் பிறகு பார்க்கவில்லையாம், பேசவுமில்லையாம். காலையில் வந்தபோது வீட்டில் ஆளில்லை. கொட்டகைக்கு வந்து, கொக்கியை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தால்... இந்தக் கோலம்.

"யார் மேல சந்தேகம் சார்?"

"வேற யாரு? அவன் தம்பி மகன் க்ரெக். சிகாகோலேர்ந்து வந்திருக்கான். கொட்டகைய இடிச்சே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறவன்."

மதியத்துக்குள் அவளுடைய மேலதிகாரி ஷெரிஃப் டீன், மோட்டலில் தங்கியிருந்த க்ரெக்கைப் பண்ணைக்கு அழைத்து வந்துவிட்டார். நேற்று சாயங்காலம் பெரியப்பாவைப் பார்த்ததை அவன் மறைக்கவில்லை. பொழுது சாயும்போது கிளம்பிவிட்டேன் என்றான். சாட்சி இல்லை. சொத்துக்கு ஒரே வாரிசு.

ஷெரிஃப் விலங்கை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். அயோவாவில் திட்டமிட்ட கொலை என்றால் சாகும்வரை சிறை. க்ரெக்குக்கு இரண்டு சின்னப் பெண்கள்.

லோரீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தாள். எழுந்தாள். வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்தாள்.

வாசல் கேட் ஆவென்று திறந்து கிடந்தது! பக்கத்துப் பண்ணையின் இரண்டு கிடேரிகள் உள்ளே வந்து தோட்டத்தை மேய்ந்துகொண்டிருந்தன. ஷெரிஃபின் வண்டிக்காக அதை இறங்கித் திறந்துவிட்டவன் க்ரெக். சமையலறையின் வலைக்கதவும் திறந்தே கிடந்தது. இழவுக்கென்று அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த பண்டங்களில் ஈ மொய்த்தது. அங்கே தண்ணீர் குடிக்கப் போனவனும் க்ரெக்தான்.

திறந்த எதையும் சாத்தாதவன்... லோரீன் அப்படியே நின்றாள்.

"சார்... காலையில கதவுல கொக்கி வெளிப்பக்கம் மாட்டியிருந்துச்சா?"

"ஆமா. நான்தானே எடுத்தேன்."

"உள்ள பொணம். அப்ப வெளிய கொக்கி மாட்டினது யாரு?"



லோரீன் க்ரெக்கைக் கூப்பிட்டு, அந்தக் கொக்கியை மாட்டச் சொன்னாள். இழுத்தான். இடித்தான். கதவு தொங்கிப்போன பழைய கதவு. கொக்கி வளையத்துக்கு எட்டவேயில்லை. காலால் ஓர் உதை விட்டான். மரம் முனகியது.

"உடைச்சித் தொலைக்காதேடா!"

மில்ட்டன் அவனைத் தள்ளிவிட்டு வந்தார். பூட்ஸ் முனையை அடியில் கொடுத்துக் கதவைத் தூக்கினார். டக்! கொக்கி வளையத்தில் விழுந்தது.

ஷெரிஃப் சிரித்தார். "மாடு வளத்த வீட்டுல பொறந்தவன் எவனும் திறந்த கதவ விட்டுட்டுப் போகமாட்டான், லோரீன். நானும் மாட்டுவேன் அந்தக் கொக்கிய. இத வெச்சு கோர்ட்டுக்குப் போக முடியுமா?"

போக முடியாதுதான். லோரீன் க்ரெக் பக்கம் திரும்பினாள்.

"நேத்து உங்க பெரியப்பா என்ன சொன்னாரு?"

"கொட்டகையப் பிரிச்சுப் பலகைய விக்கப்போறேன்னாரு மேடம். நான் கேக்கவே இல்ல. அவரே எடுத்த முடிவு. ரிப்பேர் செலவு தாங்கலையாம்."

"முடிவாம் முடிவு!" மில்ட்டனின் குரல் உடைந்தது. "எந்தப் பலகைய? எவனோ ஹோட்டல்காரன் சுவத்துல அழகுக்கு ஆணி அடிச்சு மாட்டுறதுக்கா?"



க்ரெக் மெதுவாகக் கேட்டான். "ஹோட்டல்னு உங்களுக்கு யாரு சொன்னது? நான் கிளம்புறப்பதான் அந்த ஹோட்டல்காரன் பெரியப்பாவுக்கு முதல் தடவையா போன் பண்ணான்."

"போன வாரத்துக்கப்புறம் அவர்கிட்ட பேசவே இல்லேன்னீங்களே சார்..." என்றாள் லோரீன்.

மில்ட்டன் கொட்டகையின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"பரண்ல நின்னு கெஞ்சினேன். விக்காதடான்னேன். சிரிச்சான், லோரீன். பழைய மரத்துக்குப் போய் அழறியேன்னு சிரிச்சான். பிடிச்சு உலுக்கினேன்... தள்ளிட்டேன்."

லோரீனுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். அவளுக்கு இந்தக் கவுண்டியை நேசிக்கக் கற்றுக்கொடுத்த கைகள் அவை. விலங்கை அவளே மாட்டினாள்.

கடைசியாக ஒருமுறை உள்ளே பார்க்கக் கேட்டார் மில்ட்டன். விட்டாள். பார்த்துவிட்டு வெளியே வந்தவர் நாலடி நடந்தார். சட்டென்று திரும்பினார். விலங்கிட்ட கைகளோடு கதவடியில் பூட்ஸைக் கொடுத்து, கொக்கியை மாட்டத் தடவினார்.

லோரீன் அவர் தோளைத் தொட்டாள்.

"விடுங்க சார். நீங்க போற இடத்துல கதவ நாங்களே சாத்திக்குவோம்."