இரண்டு இழுப்பு

மூன்றாவது தடவையும் கயிறு அவளைப் பாதியில் நிறுத்திவிட்டது.

"ஐயோ, விட்டுத் தொலைங்களேன்!" அந்தரத்தில் தொங்கியபடியே கத்தினாள் நர்ஸ்.

கைவிட்ட கல்குவாரியில் மலையேற்றக் குழுவின் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. கயிற்றில் ஒழுங்காக ஒருமுறை இறங்கிக் காட்டினால்தான் அடுத்த வாரம் அருவிக்கு அவளையும் கூட்டிப்போவார்கள். கீழே நிற்பவர் கயிற்றை இழுத்துப் பிடித்தால் இறங்குகிறவர் அப்படியே நின்றுவிடுவார். கை நழுவினால் உயிர் பிழைக்க அந்த ஏற்பாடு. அவள் கணவனோ அவள் இருமினாலே இழுத்தான். முதல் இரண்டு தடவையும் அவன் புண்ணியத்தில்தான் கெட்டது. "நீங்க பொண்டாட்டியக் காப்பாத்துறீங்களா, பட்டம் விடுறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டாள்.

பாறையிலிருந்து ஈரமும் பாசியும் கலந்த வாடை வந்தது. இடுப்புப் பட்டை தொடையை அறுத்தது. எரிச்சலில் கண்ணில் நீர் முட்டியது. இந்த மனிதரைத் திருத்தவே முடியாதா?

"சொல்றது காதுல விழுதா இல்லையா?"

"நான் தொடவே இல்லம்மா!"

குரல் தள்ளியிருந்து வந்தது. குனிந்து பார்த்தாள். அவன் குழுவின் மற்ற மூவரோடு தூரத்தில், பைகள் கிடந்த இடத்தில் நின்றிருந்தான். ஒரு கையில் டீக் குவளை. இன்னொரு கையைத் தூக்கிக் காட்டினான். மனிதர் ரோஷப்பட்டு எப்போதோ விலகிப் போயிருக்கிறார்.

இறங்க வேண்டிய பாறைத் திட்டு காலியாகக் கிடந்தது. கயிறு அதன் பக்கமே போகவில்லை. பக்கத்துக் குட்டைக்குள், பச்சைத் தண்ணீருக்குள், விறைப்பாகச் சாய்ந்து இறங்கியிருந்தது.

எதிலாவது மாட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கயிறு அதிர்ந்தது. ஒரு இழுப்பு. சற்று நின்று, இன்னொன்று.

மேலே காற்றில் எதுவும் கேட்காது என்பதால் காலையில் பேசி வைத்த சைகை அது. இரண்டு இழுப்பு என்றால், 'மாட்டிக்கொண்டேன், கயிற்றைத் தளர்த்தி என்னை இறக்கு.' உச்சியில் கயிற்றைக் காத்து நின்றவர் குழுவிலிருந்த ஒரு லாரி டிரைவர், சொன்ன சொல் தவறாதவர்.

"அண்ணே, வேண்டாம்! அது நான் இல்ல! அண்ணே!"

கயிறு ஒரு முழம் இறங்கியது.

"பாத்தியா, அண்ணன் இறக்குறாரு. பயப்படாத!" கணவன் கை தட்டினான்.

"நிறுத்தச் சொல்லுங்க! தண்ணிக்குள்ள யாரோ..."

"என்னது?"

இன்னொரு முழம். திட்டு பக்கவாட்டில் கடந்து போனது. எட்டி உதைத்தாள். எட்டவில்லை. மேலிருந்து தளர்ந்த கயிற்றையெல்லாம் குட்டை சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. ஒரு குமிழி இல்லை.

டீக் குவளை கல்லில் விழுந்து உருண்டது. கணவன் ஓடி வந்துகொண்டிருந்தான். ரொம்பத் தூரம்.

காலணியின் அடிப்பாகம் நனைந்தது.

குனிந்தாள். ஒரு சாண் ஆழத்தில், கயிற்றைப் பிடித்தபடி இரண்டு வெளுத்த கைகள். இடது மேலே, வலது கீழே. காலையில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த அதே பிடி.

இடது கை கயிற்றை விட்டது. அவள் கணுக்காலை நோக்கி விரிந்தது.